ஏழாம் புள்ளியின் பதினான்கு மில்லிமீட்டர்

மிரெல்லா கெட்சானியை பீசா சமவெளியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஜியோமெத்ரா" என்பார்கள். நிலத்தை அளந்து கையெழுத்துப் போட உரிமை உள்ளவர்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் பட்டம். நாளடைவில் அதுவே பெயராகவும் ஆகிவிடும். தபால்காரர் அப்படித்தான் கூப்பிடுவார், ரொட்டிக் கடைக்காரியும் அப்படித்தான். விவாகரத்து நடந்த வருடம் அவளுடைய கணவன்கூட அப்படித்தான் கூப்பிட்டான், அதில் மட்டும் மரியாதை இல்லை.

பிறந்தது லிவோர்னோவில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவருக்கு மகளாக. லிவோர்னோவுக்கும் பீசாவுக்கும் பரம்பரைப் பகை. ஒரு லிவோர்னோக்காரி பீசாக்காரர்கள் நடுவில் கால் நூற்றாண்டு குப்பை கொட்டியிருக்கிறாள் என்றால் அவள் வாய் எப்படிப்பட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கு வேலை குழாய்களோடு. ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே, ஒரே மூலையில் தொடங்கி வடக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக மூன்று மூன்று கிலோமீட்டர் ஓடுகின்றன இரண்டு குழாய்கள். உள்ளே காற்றுகூடக் கிடையாது. லேசர் ஒளி மட்டும் போய், கண்ணாடியில் பட்டுத் திரும்பும். வானத்தில் எங்கோ எப்போதோ இரண்டு கருந்துளைகள் மோதிக்கொண்ட அதிர்வு, ஈர்ப்பு அலையாக இந்தப் பக்கம் கடந்து போனால், ஒளி போகிற தூரம் அணுவின் கருவைவிடச் சிறிய அளவுக்கு மாறும். அதைப் பிடிக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஊர்க்காரர்கள் அந்த ஆய்வகத்தைக் 'குழாய்' என்று மட்டும் சொல்வார்கள். உன் மருமகன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்டால், குழாயில் என்று பதில் வரும்.

அணுக்கருவைவிடச் சிறியதை அளப்பவர்களுக்கு நடுவில் மிரெல்லா மில்லிமீட்டர் அளப்பவள். சாப்பாட்டு அறையில் 'தோத்தோரே'க்கள், அதாவது முனைவர் பட்டம் வாங்கியவர்கள், இதை வைத்து அவளைச் சீண்டுவார்கள்.

"உங்க ஒரு மில்லிமீட்டருக்குள்ள எங்க பிரபஞ்சமே அடங்கிடும், ஜியோமெத்ரா."

"அந்தப் பிரபஞ்சம் என் மில்லிமீட்டர் மேலதான் உக்காந்திருக்கு, தோத்தோரே. நான் ஒரு வருஷம் லீவு போட்டுப் பாக்கறேன். உங்க ஒளி போய் கீரைப் பாத்தியில விழும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. பூமி உருண்டை. தண்ணீர் மட்டத்தை நம்பி மூன்று கிலோமீட்டருக்குக் குழாய் பதித்தால் அது பூமியோடு சேர்ந்து வளையும், ஒளி வளையாது. இந்த முனையில் மட்டமாகப் புறப்படும் நேர்க்கோடு, அந்த முனையில் தண்ணீர் மட்டத்துக்கு எழுபது சென்டிமீட்டர் மேலே போய் நிற்கும். இதைக் கொத்தனார்களுக்குப் புரியவைக்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது. இரண்டு மாதமும் அவர்கள் தங்கள் ரசமட்டத்தைத்தான் நம்பினார்கள், அவளை நம்பவில்லை.

குழாய் போட்டதோடு வேலை முடியவில்லை. அடியில் முழுக்கக் களிமண். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், நிலத்தடி நீரை இறைத்தால் உட்காரும். அதனால் குழாய்களை ஒட்டிப் பன்னிரண்டு இடங்களில் தரையில் பித்தளை ஆணி பதித்து, ஒவ்வொரு மே மாதமும் அவற்றின் உயரத்தைப் பார்ப்பார்கள். ஆணிக்கு மேலே முக்காலி, முக்காலி மேலே ஒரு வட்டத் தட்டு. இரண்டு நாள் அந்தத் தட்டு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டிருக்கும். தட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். தட்டிலிருந்து கீழே ஆணி வரைக்கும் எவ்வளவு என்பதை மிரெல்லா டேப்பால் அளந்து நோட்டில் எழுதுவாள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் தரையின் உயரம் கிடைக்கும். 

இதில் அவள் போட்ட விதி ஒன்று உண்டு. ஒரு புள்ளிக்கு ஒரு தட்டு, மாற்றக் கூடாது. ஒவ்வொரு தட்டுக்கும் அதற்கே உரிய ஒரு கோணல் இருக்கும். அதே தட்டு அதே இடத்தில் இருந்தால் அந்தக் கோணல் வருடா வருடம் ஒன்றாகவே வந்து கழிந்துபோகும். தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். மிரெல்லா கொஞ்சம் அதிகமாகச் செய்வாள்: தட்டுகளின் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள்.

2012ஆம் வருடம் ஏப்ரலில், அவளுக்கு அளவுகோல் பிடித்துக் கொடுக்கும் உதவியாள் மொரேனோ, ஏழாம் தட்டைக் காருக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டுக் காரைப் பின்னாலேயே எடுத்தான். ஐம்பது வயதுக்காரன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன்; என்ன சொல்லித் திட்டுவது? மிரெல்லா சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுப் புதுத் தட்டு வாங்கினாள். வேறு கம்பெனித் தட்டு.

அதே ஏப்ரலில் ஏழாம் புள்ளியை ஒட்டிய வயலில் அல்வாரோ பர்சொத்தி ஓர் ஆழ்கிணறு போட்டார். கீரைக்கும் முலாம்பழத்துக்கும் தண்ணீர் போதவில்லை, முறையாக அனுமதி வாங்கித்தான் போட்டார்.

மே மாதம் கணக்குப் பார்த்தால் பதினோரு புள்ளிகள் இருந்த இடத்தில் இருந்தன. ஏழாம் புள்ளி மட்டும் பதினான்கு மில்லிமீட்டர் கீழே போயிருந்தது. மிரெல்லா கணக்கை மூன்று தரம் போட்டாள். மூன்று தரமும் பதினான்கு. அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கிணறு என்ற சொல்லை அவள் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏழாம் புள்ளியில் நின்று பார்த்தால் கண்ணுக்கு வேறொன்றும் படாது.

ஆகஸ்டில் நகராட்சி அதிகாரிகள் வந்து, குழாய்க்கு ஆபத்து என்று கிணற்றைக் கான்கிரீட் ஊற்றி மூடினார்கள். அடுத்த மே மாதம் ஏழாம் புள்ளி அசையவில்லை, அதற்கடுத்த மே மாதமும் அசையவில்லை. கிணறு மூடியதும் தரை நின்றுவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. ஆய்வகத்தின் இயக்குநர் காசெல்லி வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் இதைப் படம் போட்டுக் காட்டினார். மிரெல்லாவுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

அல்வாரோவுக்கு ஒரு தம்பி, நெல்லோ. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு. அதே கோடையில் நெல்லோ வீட்டுச் சமையலறைச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. பதினான்கு மில்லிமீட்டர் அறிக்கை நகராட்சி அறிவிப்புப் பலகைக்கு வந்ததும் நெல்லோ அதன் நகலை வாங்கி விரிசலுக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டினார். அதோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினார்.

மது அருந்தும் கடையில் அல்வாரோ நுழைந்தால் சீட்டாடுகிறவர்கள் மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

"மெதுவா நட அல்வாரோ! இந்தத் தரையையும் எறக்கிடாத."

"அவனுக்குத் தண்ணி ஊத்தாதீங்கடா, ஒயினே குடுங்க. தண்ணின்னா அடி வரைக்கும் உறிஞ்சிடுவான்."

அவரும் சிரித்துவைப்பார். கீரை போய், முலாம்பழம் போய், மழையை நம்பிச் சூரியகாந்தி போட்டார். மிரெல்லாவை வழியில் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார். ஒருமுறை அவளே நின்று, கிணறு போனதில் தனக்கும் வருத்தம்தான் என்றாள்.

"உங்களுக்கு என்ன வருத்தம், ஜியோமெத்ரா? நீங்க அளந்ததச் சொன்னீங்க. தப்பு என் மேலதான்" என்றார் அவர்.

இப்படி ஒன்பது வருடம் போனது.

2021 வசந்தத்தில் குழாய்களின் கண்ணாடிகளை மாற்றும் வேலை வந்தது. அதற்கு முன்னால் ஒருமுறை எல்லாப் புள்ளிகளையும் பழைய முறையில் பார்த்துவிட வேண்டும் என்று முடிவானது. பழைய முறையென்றால் செயற்கைக்கோள் இல்லை, தட்டு இல்லை. மட்டம் பார்க்கும் தொலைநோக்கியும் அளவுகோலுமாக முப்பது முப்பது மீட்டராக நடக்க வேண்டும். மூன்று வாரம் பிடிக்கும். கடைசியாக அப்படி நடந்தது 2009இல்.

ஏழாம் புள்ளிக்கு வந்தபோது மிரெல்லா கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "திரும்பப் போகலாம்" என்றாள்.

"எங்க திரும்ப?" என்றான் மொரேனோ.

"ஆறாம் புள்ளிக்கு. நீ கோலைச் சாய்ச்சுப் பிடிச்சிருக்க."

"நானா? பீசாவுல ஒரு கோபுரம் சாஞ்சு நிக்குதுன்னு எல்லாரையும் சாஞ்சவன்னு நெனக்காதீங்க. குமிழ் நடுவுலதான் நின்னுச்சு."

திரும்பப் போனார்கள். அதே எண். மறுநாள் காலை மூன்றாம் தரம் போனார்கள். அதே எண். 2009க்கும் இப்போதைக்கும் ஏழாம் புள்ளி இரண்டே மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது, மற்ற புள்ளிகளைப் போலவே.

மொரேனோவைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு மிரெல்லா பெட்டியைத் திறந்து ஏழாம் தட்டை எடுத்தாள். கவிழ்த்தாள். அடிப்பக்கத்தில் கம்பெனிக்காரன் ஒரு சின்னப் படம் ஒட்டியிருந்தான். தட்டின் படம், ஓர் அம்புக்குறி. உயரத்தை இங்கிருந்து அளக்கவும் என்று அம்பு காட்டிய இடம் கீழ் விளிம்பு. பழைய தட்டுகள் எல்லாவற்றுக்கும் மேல் விளிம்பு. பதினைந்து வருடம் மேல் விளிம்பில் டேப்பை வைத்துப் பழகிய கை, புதுத் தட்டிலும் தானாகவே அங்கே போயிருக்கிறது. கணக்குப் போடும் மென்பொருளோ, அவள் கீழ் விளிம்பில் அளந்ததாக எடுத்துக்கொண்டு, விளிம்பின் கனத்தைத் தானும் ஒருமுறை கழித்திருக்கிறது. அவள் விளிம்பின் கனத்தை அளந்தாள். பதினான்கு மில்லிமீட்டர்.

கணக்கை மூன்று தரம் போட்டவள் டேப் வைத்த இடத்தை ஒரு தரமும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அதே தட்டு, அதே புள்ளி, அதே கை. வருடா வருடம் அதே தப்பு. அதனால்தான் கணக்கில் தரை மேற்கொண்டு இறங்கவில்லை. கிணற்றை மூடியதால் அல்ல. கோணலைக் கழிக்க அவள் போட்ட விதி, அவளுடைய தப்பையே பத்திரமாகக் காத்துவைத்திருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். அல்வாரோவின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது, அந்த வரிசையை எண்ணி இன்னும் வெட்கப்பட்டாள்.

இயக்குநர் காசெல்லி நல்ல மனிதர். மிரெல்லா சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"திருத்திடுங்க. ஒரு அடிக்குறிப்புப் போட்டா முடிஞ்சுது. குழாய்க்கு ஒரு பாதிப்பும் இல்லையே."

"கிணறு?"

"இப்ப அந்த வட்டாரத்துல யாருக்குமே ஆழ்கிணத்துக்கு அனுமதி தர்றதில்ல. சட்டம் மாறியாச்சு. நாளைக்கே உண்மையச் சொன்னாலும் அதைத் தெறக்க முடியாது. தெறக்க முடியாத கிணத்தப் பத்தி அந்தப் பெரியவர்கிட்டப் போய்ச் சொல்லி அவர் மனசக் கிளறணுமா? நீங்களும் யோசிங்க. ரிட்டயர் ஆக உங்களுக்கு நாலு வருஷம் இருக்கு. இந்த மாகாணத்துல உங்க கையெழுத்துன்னா யாரும் மறுபேச்சுப் பேசறதில்ல."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. அதுதான் சிக்கல். மிரெல்லா பதினோரு நாள் அந்த நியாயத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மீதிப் புள்ளிகளை அளந்து முடித்தாள். வேறு வழியாகக் காரை ஓட்டினாள், அல்வாரோ தொப்பியைக் கழற்றிவிடக் கூடாதே என்று. பன்னிரண்டாம் நாள் காலை அவளுக்கு அந்தச் சுற்றுவழி சலித்துப்போயிற்று. உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். தரை இறங்கவில்லை, கிணற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உயரம் தவறாக அளக்கப்பட்டது, அளந்தவள் நான். கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினாள். ஒரு நகலை நகராட்சிக்குத் தபாலில் போட்டுவிட்டு, இன்னொன்றையும் ஏழாம் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அல்வாரோ வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது.

"என்ன ஜியோமெத்ரா, முக்காலி இல்லாம வந்திருக்கீங்க? அடையாளமே தெரியல."

"உக்காருங்க அல்வாரோ, ஒரு விஷயம் சொல்லணும்."

"உக்காரச் சொன்னா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம்."

"யாரும் சாகல. தரை இறங்கல. அன்னிக்கும் இறங்கல. நான் தப்பா அளந்துட்டேன்."

தட்டைக் கையில் கொடுத்து, எந்த விளிம்பில் வைக்க வேண்டிய டேப்பை எந்த விளிம்பில் வைத்தாள் என்று கட்டைவிரலால் காட்டினாள். அவர் இரண்டு விளிம்பையும் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"அப்ப நெல்லோ வீட்டுச் சுவரு?"

"அந்த வருஷம் மழையே இல்ல. களிமண் காஞ்சு சுருங்குச்சு. ஊர்ல பாதி வீட்டுல விரிசல் விட்டுது. உங்க கிணறு காரணமில்ல."

"நான் இல்ல."

"நீங்க இல்ல."

அவர் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். கிணற்றைப் பற்றிக் கேட்பார், கீரையைப் பற்றி, போன வருடங்களைப் பற்றிக் கேட்பார் என்று மிரெல்லா பதில் தயாரித்து வந்திருந்தாள். அவர் அதையெல்லாம் கேட்கவில்லை.

"தொப்பியக் கையில பிடிச்சுக்கிட்டு அவன் வாசல்ல போய் நின்னேன். சாந்து கொழச்சு வாளியில எடுத்துட்டுப் போனேன், நானே பூசிக் குடுத்துடறேன்னு. கதவத் தெறக்கல. ஜன்னல் வழியா உங்க காகிதத்தக் காட்டினான். 'கையெழுத்துப் போட்டிருக்காங்க பாரு'ன்னான். நானும் பாத்தேன். கையெழுத்து இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

"என்னை மன்னிச்சிடுங்க."

"அத அப்புறம் பாக்கலாம்."

அவள் கடிதத்தை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் கொண்டு போக மாட்டேன். நான் போய்ச் சொன்னா மறுபடியும் கெஞ்ச வந்திருக்கான்னு நெனப்பான். மொதக் காகிதமும் உங்களுது. இதையும் நீங்களே போய்க் குடுங்க."

சொல்லிவிட்டுக் களை எடுக்கக் குனிந்தார். ஆனால் அவர் கை செடியையும் சேர்த்துப் பிடுங்கியது.

நெல்லோவின் வீடு நானூறு மீட்டர். மிரெல்லா காரை எடுக்காமல் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நடந்தே போனாள். அறுபத்தெட்டு வயதுக்கு நெல்லோ ஆள் கெட்டிதான். சமையலறைக் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து சமையலுக்குக் கூனைப்பூ மொட்டு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் விரிசல், அதன் பக்கத்தில் பழுத்துப்போன காகிதம். அதில் அவளுடைய பெயர்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடிதத்தை வாங்கி, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து மெல்லப் படித்தார். பிறகு பழைய காகிதத்தை ஆணியிலிருந்து எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். இரண்டு கையெழுத்தும் ஒன்றா என்று பார்ப்பதுபோல இருந்தது. ஒன்றுதான்.

"ஒம்பது வருஷம்" என்றார். "கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கோவம். என் பேத்தி ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடல. அவன் பொஞ்சாதி செத்தப்ப கோயில் வாசல் வரைக்கும் போயிட்டேன், உள்ள போகல, திரும்பி வந்துட்டேன். அவ எனக்கும்தான் சோறு போட்டிருக்கா. இவ்வளவு கோவத்தையும் நான் இப்ப எங்க கொண்டு போய் வைக்கறது, ஜியோமெத்ரா?"

"என் மேல வைங்க" என்றாள் மிரெல்லா. மனப்பூர்வமாகத்தான் சொன்னாள்.

நெல்லோ அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"நீங்க பத்த மாட்டீங்க."

எழுந்து உள்ளே போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவி, சட்டை மாற்றியிருந்தார். பொத்தான்களை ஒரு துளை தள்ளி மாற்றிப் போட்டிருந்தார், மிரெல்லா அதைச் சொல்லவில்லை.

"வாங்க" என்றார். "நீங்க முன்னாடி நடங்க."